ஒரு பல் மட்டும் வெளுக்கவில்லை

மார்ச் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். அது சொட்டுகிறது, சொட்டுகிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். எனக்குக் கேட்டதே இல்லை. நீ பாப்பா வீட்டுக்குப் போன பிறகுதான் என் காதில் விழுந்தது. வீட்டில் வேறு சத்தம் இல்லாததால் இருக்கும்.

போனில் பேசினால் நமக்குள் எப்படியும் முட்டிக்கொள்கிறது என்று, "ரெண்டு பேரும் கடுதாசி எழுதிக்கங்க, எழுதுறப்பவாவது நிதானம் வரும், நடுவுல என்னை இழுக்காதீங்க" என்று பாப்பா பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். மகள் பேச்சைத் தட்ட முடியுமா?

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது. வீட்டில் இருந்தபடியே பல்லை வெள்ளையாக்க முடியுமா? நீ பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாய். உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

நான் ஓய்வு பெறுவதற்காக டீக் கம்பெனியில் பிரிவு உபசாரம் வைக்கிறார்கள். போட்டோ எடுப்பார்கள். என் வாயின் லட்சணம் உனக்குத் தெரியாததா? வரிசையாக வைத்த கிண்ணங்களில் டீயை உறிஞ்சுவதும், ருசி பார்த்துத் துப்புவதுமாகவே என் காலம் போய்விட்டது. பேஸ்ட் வாசனை நாக்கைக் கெடுக்கும் என்று காலையில் வெறும் பிரஷ்ஷோடு நிறுத்திக்கொண்டவன் வேறு. இப்போது கண்ணாடியில் பார்த்தால் சொந்தப் பல்லும் சரி, உன் அண்ணன் வீட்டில் சோடா மூடியைப் பல்லால் திறக்கிறேன் பேர்வழி என்று உடைத்துக்கொண்டு கேப் போட்டுக்கொண்டேனே, அந்த முன்பல்லும் சரி, எல்லாம் ஒரே நிறம். பால் விடாத டீ.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா எலுமிச்சம்பழச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்துப் பார்த்தேன். நுரை பொங்கி வந்தது. நிறம் அப்படியேதான் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் குடித்தால் மட்டும் மண்டை வரைக்கும் கூசுகிறது.

பாப்பாவுக்கும் பேத்திக் குட்டிக்கும் என் அன்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சிரிக்கக் கூடாது என்று எழுதினால் சிரிப்பு வராமல் இருக்குமா? கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்காரர் அப்படி என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்டுவிட்டார்கள். "ஒண்ணுமில்லம்மா, குழாய் ரிப்பேராம்" என்று மழுப்பிவிட்டேன்.

முதலில் அந்த எலுமிச்சம்பழத்தைக் குப்பையில் போடுங்கள். புளிப்பு பல்லின் மேல்தோலை அரித்துவிடும். போன மேல்தோல் திரும்ப வளராது, அதற்குள்ளே இருப்பது மஞ்சள். ஆக, வெள்ளையாக்கப் போய் இன்னும் மஞ்சளாகத்தான் ஆவீர்கள். வெறும் சமையல் சோடா மேலே படிந்த கறையைக் கொஞ்சம் எடுக்கும். எப்போதாவது, மெதுவாக. நீங்கள் பாத்திரம் விளக்குவது போல விளக்கினால் ஈறு போய்விடும். உங்கள் கை எனக்குத் தெரியும்.

எண்ணெய் கொப்பளித்தால் வாய் நன்றாக இருக்கும், நிறம் மாறாது. வாழைப்பழத் தோலைத் தேய்த்தேன் என்று ஒரு காலேஜ் பெண் போன வாரம் வந்தாள். அந்தத் தோலைச் சாப்பிட்டிருந்தால்கூட ஏதாவது பலன் இருந்திருக்கும். கரிப்பொடி என்று ஒன்று விற்கிறான், அதை மட்டும் வாங்காதீர்கள். அது வெளுக்காது, சுரண்டும். பக்கத்தில் டாக்டர் யாரிடமாவது போய்ப் பல்லில் படிந்த காறையைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாலே உங்களுக்குப் பாதி டீ இறங்கிவிடும். அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இப்படி வரிசையாகச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். தினமும் இதே பேச்சுதான் எனக்கு. பல்லை வெளுக்க வேண்டும் என்று வருகிறவர்களை முதலில் விசாரிப்பது நான்தான். கேப் இருக்கிறதா, அடைத்த பல் இருக்கிறதா, கூச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். டாக்டரம்மா, "நீங்க கேட்டீங்கன்னா நான் மறுபடி கேக்க வேண்டாம்" என்பார்கள். நீங்கள்தான் இதை எச்சில் துடைக்கிற வேலை என்று சொன்னீர்கள். அதுவும் யார், நாள் முழுக்கத் துப்பிக்கொண்டிருந்தவர். அதை நினைத்தால் எனக்கு ஒரு நாள் கோபம் வருகிறது, ஒரு நாள் சிரிப்பு வருகிறது. இன்றைக்குச் சிரிப்பு.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஓட்டை வாயோடு ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிகிறது.

பாப்பா கேட்கிறாள், அப்பாவுக்கு வேலை முடிந்துவிட்டால் அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார் என்று. இங்கே பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது. எனக்கென்ன தெரியும், அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மார்ச் 22

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ வாங்காதே என்று எழுதிய கடிதம் வருவதற்கு முந்தின நாளே கரிப்பொடியை வாங்கிவிட்டேன். வாங்கியதை வீணாக்குவானேன் என்று தேய்த்தேன். கைகழுவும் தொட்டி, துண்டு, பனியன், சுவர் எல்லாம் கறுப்பு. அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா கதவைத் தட்டினார்கள். திறந்தேன். "ஐயோ, என்னங்க, அடுப்புக்குள்ள விழுந்துட்டீங்களா?" என்று அலறியதில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். மானம் கப்பலேறிவிட்டது.

இரண்டு புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், அதற்கு அளவு சரிபார்க்கத்தான் வந்தார்கள். கழுத்துப் பட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களே யோசித்து வைக்கிறார்கள். நல்ல கைவேலை.

நீ சொன்னபடி காறையைச் சுத்தம் செய்துகொண்டேன். தெருமுனையில் ஒரு டாக்டர், சின்னப் பெண், பாப்பாவைவிட இளையவள். பாதி டீ இறங்கியது உண்மை. ஆனால் மீதி இறங்கவில்லை. இப்போது பால் விட்ட டீ நிறத்தில் நிற்கிறது. அதற்கு மேல் வேண்டும். பல்லில் ஒட்டிக்கொள்ளும் ஸ்ட்ரிப் என்று கடையில் விற்கிறதாம். கூடவே வாயில் கவ்விக்கொள்ள நீல விளக்கும் ஒன்று தருகிறார்களாம். அது எப்படி? விழா கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, ஆனாலும் எனக்கு அவசரம். சீக்கிரம் எழுது.

வேலை இல்லாமல் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத வருவதில்லை.

குட்டியின் விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

அன்புடன்,
பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று பாப்பாவிடம், "உங்கப்பா ஃபங்ஷன் எப்படி? தள்ளிப் போயிடுச்சாமே" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னம்மா சொல்ற? அது பிப்ரவரியிலயே முடிஞ்சிடுச்சே. எனக்கு போட்டோகூட அனுப்பினார்" என்று போனை எடுத்துக் காட்டினாள். மாலையும் கழுத்துமாக நடுவில் நிற்கிறீர்கள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

உங்கள் பொய் பல்லிளித்துவிட்டது.

போட்டோவும் எடுத்தாயிற்று, வேலையும் முடிந்தாயிற்று. அப்படியிருக்க எலுமிச்சம்பழம் என்ன, கரிப்பொடி என்ன, இரண்டு புதுச் சட்டை என்ன, அவசரம் என்ன? என்னோடு இருந்த காலமெல்லாம் ஒரு சட்டை வாங்குவதற்கு உங்களை நான் கடைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். கழுத்துப் பட்டியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உங்கள் நாக்குக்கு ஆகாது என்று நான் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொட்டு சென்ட் பூசியதில்லை. இப்போது தையல்காரம்மா கதவைத் தட்டுகிறார்கள், தையல்காரம்மா யோசித்து வைக்கிறார்கள், தையல்காரம்மாவுக்கு நல்ல கை. நடக்கட்டும். நான் கேட்க யார்? மூன்று மாதம் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன். நீங்கள் வா என்று கூப்பிடவும் இல்லை, வரட்டுமா என்று கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம் எதற்கு வயிற்றெரிச்சல் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஸ்ட்ரிப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் செய்கிறவற்றில் உண்மையாகவே வேலை செய்வது அதுதான். அதில் இருக்கும் மருந்து பல்லுக்குள்ளேயே போய் வெளுக்கும். அட்டையில் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ அவ்வளவுதான், அதற்கு மேல் வைக்கக் கூடாது. ஈறில் படக் கூடாது. கூசினால் ஒரு நாள் விட்டுப் போடுங்கள். நீல விளக்கு வெறும் ஜோடனை, அதைக் குட்டிக்கு விளையாடக் கொடுக்கலாம். போடுங்கள். நன்றாக வெளுக்கும். வாழ்த்துகள்.

பின்னறையில் குட்டியின் பழைய தொட்டிலையும் உடைந்த சைக்கிளையும் போட்டுவிடச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 26

என் அன்புக்குரியவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. சரி, வேலையை முடித்துவிட்டு முழுப் பல்வரிசையோடு எழுதுவோம் என்று ஸ்ட்ரிப்பைப் போட ஆரம்பித்தேன். நீ சொன்னது சொன்னபடி. விளக்கை வாங்கவில்லை. இரண்டு மூன்று நாள் கூசியது, விட்டுப் போட்டேன். மெல்ல மெல்ல வெளுத்தது. பால் விட்ட டீ போய், டீ விட்ட பால் ஆகி, கடைசியில் வெறும் பாலே ஆகிவிட்டது. அடடா, என் வாய்தானா இது என்று கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன். எல்லாம் வெளுத்திருக்கிறது, முன்னால் ஒன்று மட்டும் பழுப்பாகவே நிற்கிறது. உன் அண்ணன் வீட்டுச் சோடாப் பல். வெள்ளைச் சட்டையின் பையில் டீ சிந்தின மாதிரி. முன்பு எல்லாம் ஒரே அழுக்காக இருந்ததில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது யார் பார்த்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மூன்று ஸ்ட்ரிப்பைச் சேர்த்து அந்தப் பல்லில் மட்டும் ஒட்டிப் பார்த்தேன். அசையவில்லை. தெருமுனை டாக்டரிடம் ஓடினேன். அவள் வாயைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இது கேப். பீங்கான். கிண்ணத்துக்கு ஸ்ட்ரிப் ஒட்டினா வெளுக்குமா? மத்த பல்லு வெளுக்கும், இது வெளுக்காது. கேப் இருக்கான்னுகூடக் கேக்காம யாரு உங்களைப் போடச் சொன்னது?"

"என் வீட்டுக்காரி. பல் கிளினிக்லதான் வேலை பாக்குறா."

"ஒருவேளை அவங்களுக்கு உங்க கேப்பைப் பத்தித் தெரியாதோ?"

"தெரியாமலா? நிறம் பாத்துக் கொடுத்ததே அவதான். நர்ஸ் எடுத்துக் காட்டினதை வேண்டாம்னுட்டு, என்னை ஜன்னல்கிட்ட இழுத்து நிறுத்தி, வெளிச்சத்துல ஒவ்வொரு மாதிரியா வச்சுப் பாத்து எடுத்தா."

டாக்டர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அவங்களுக்கு உங்க மேல ஏதோ கடுங்கோபம்" என்றாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். வருகிறவர்களிடம் முதல் கேள்வியே கேப் இருக்கிறதா என்பதுதான் என்று நீயே எழுதியிருக்கிறாய். நானும் என் முதல் கடிதத்திலேயே கேப் பற்றி எழுதியிருக்கிறேன். இருந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. அடிப்பாவி! உன் கிளினிக்கில் முன்பின் தெரியாதவனைக்கூட எச்சரித்துத்தான் உள்ளே அனுப்புவாய். என்னை மட்டும் மாட்டிவிட்டாய். எவளிடமாவது போய்ச் சிரித்தால் இந்த ஒற்றைப் பல்லோடு சிரிக்கட்டும் என்று.

உனக்குச் சொன்னால் நம்புவாயா தெரியாது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னை மறந்துவிட்டாய் என்றுதான் இந்த மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்தவள் இப்படிச் செய்ய மாட்டாள்.

தையல்காரம்மா கதையைச் சொல்லிவிடுகிறேன். அளவெடுக்கும்போதே அவர்கள் கேட்டார்கள். "யாரைப் பாக்கப் போறதுக்குங்க இவ்ளோ பிரயாசை?" "என் வீட்டுக்காரியை" என்றேன். அந்தம்மா அதிலிருந்து என்னைவிட அவசரப்படுகிறார்கள். எலுமிச்சம்பழ யோசனையும் உனக்காகத்தான்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பல்லைப் பற்றிக் கேட்க வந்தது. அதனால் அதைக் கேட்டேன். வேலை முடிந்த மறுநாளே பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் வந்தால் உன் கிளினிக்குக்கு ஒரு நாள் வர வேண்டும் என்று ஆசை. அங்கே உன் டாக்டரம்மாவிடம், "இவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்று நீ சொல்வாய். நான் சிரிக்க வேண்டும். ஊர் பல்லையெல்லாம் பார்த்துக்கொள்கிறவளின் புருஷன் வாய் இப்படியா என்று உனக்குத் தலைகுனிவு வரக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு கூத்தும்.

இப்போது வரிசையில் ஒன்று மட்டும் பழுப்பு. கெடுத்ததும் நீதான், சரிசெய்ய வேண்டியதும் நீதான்.

இப்போது வாய் வந்துவிட்டது. கேட்டுவிடுகிறேன். நான் வரட்டுமா?

அன்புடன்,
உன் வீட்டுக்காரர்


மே 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆமாம். தெரிந்துதான் சொல்லவில்லை. எழுதும்போது கேப் என்ற வார்த்தை பேனா முனை வரை வந்தது. வரட்டும், பட்டுத் தெரியட்டும் என்று மடித்து ஒட்டிவிட்டேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதே மனசு கேட்கவில்லை. கையை விட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். ஒரு ஆள் முறைத்தார், வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் படித்திருக்கக் கூடாது. பாதியில் சிரித்தேன், மீதியில் அழுதேன். டாக்டரம்மா பயந்துபோய், "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன?" என்று ஓடி வந்தார்கள். கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, நாற்காலியில் காத்திருந்த ஆளை மறந்துவிட்டுச் சிரித்தார்கள். "இவ்ளோ நாள் வந்த பேஷன்ட்ல உங்க வீட்டுக்காரர்தான்மா முதல் ஆளு, பொண்டாட்டி கோபத்துல சொன்ன வைத்தியத்தைச் செஞ்சுக்கிட்டவர்" என்றார்கள். எப்போது வருகிறார் என்று இன்று இரண்டு தடவை கேட்டாயிற்று.

தையல்காரம்மாவை நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். பாவம், அவர்களிடம் நான் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நீங்கள் எந்தப் பல்லோடு வந்தாலும் எனக்குத் தலைகுனிவு கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழுப்பு வாயோடு வந்து வாசலில் நின்றிருந்தாலும், கிளினிக்கில் ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

வாருங்கள்.

சைக்கிளையும் தொட்டிலையும் மாப்பிள்ளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். பின்னறையைக் கழுவிவிட்டேன். கிழக்கே பெரிய ஜன்னல். இன்னொன்றும் இப்போதே சொல்லிவைக்கிறேன், நான் இப்போது சென்ட் பூசிக்கொள்கிறேன். உங்கள் நாக்குக்கு ஓய்வு கொடுத்தாயிற்று, அதனால் முணுமுணுக்கக் கூடாது.

ஸ்டேஷனுக்கு நானும் குட்டியும் வருகிறோம். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு இறங்காதீர்கள். தாத்தாவுக்கு ஒரு பல் மட்டும் டீ நிறம் என்று சொன்னதிலிருந்து குட்டி தரையில் கால் பாவாமல் குதிக்கிறது. தனக்கு ஓட்டை, தாத்தாவுக்குக் கறை, சரியாப் போச்சு என்கிறது.

பல் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கேப்பை எடுத்துவிட்டுப் புதிய நிறத்தில் வேறு போட வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் வந்த உடனே போட முடியாது. வெளுத்த பல் கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒரு நிறத்தில் நிற்கும். அது நின்ற பிறகுதான் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்ப்பேன். இந்தத் தடவையும் நான்தான் பார்ப்பேன். அதுவரைக்கும் டீ குடிக்கக் கூடாது, குடித்தால் நிறம் மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

நீங்களாவது டீயை விடுவதாவது. அதனால் இது எப்போது முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. திரும்பிப் போக டிக்கெட் எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி